ஜூக் பாக்ஸுக்கு ஐசி தேடி நான் பட்ட பாடு

செல்லூரில் எனக்கு ஒரு சின்ன ரிப்பேர் கடை. ஐடிஐயில் ரேடியோ டிவி மெக்கானிக் முடித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வால்வு ரேடியோ, மைக் செட் ஆம்ப்ளிஃபையர், பிளாக் அண்ட் ஒயிட் டிவி என்று வந்ததையெல்லாம் பார்த்த கை. அந்தத் திமிரில்தான் போன ஐப்பசியில் காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி போன் செய்து, "தம்பி, பினாங்குலேருந்து வந்த பாட்டுப்பெட்டி ஒண்ணு வீட்ல கிடக்கு, பேரன் கல்யாணத்துக்குள்ள பாட வச்சுத் தர முடியுமா?" என்று கேட்டதும், போய்ப் பார்க்காமலே சரி என்றேன். கூலி 6,000 ரூபாய் பேசினோம். கல்யாணம் தை கடைசியில். பத்து நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முடிந்தது கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால். கையிலிருந்து போனது 7,230 ரூபாய், கடை பூட்டிக் கிடந்தது பதினொரு நாள். இதில் முக்கால்வாசி, ஐசி (போர்டில் இருக்கும் கறுப்பு சிப்பு) வாங்கத் தெரியாமல் போன காசு. பழைய ஜூக் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு விழிக்கிற யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெட்டி 1970களின் கடைசியில் செய்தது. 45 ஆர்பிஎம் சின்னத் தட்டுகள் வட்டமாக அடுக்கி வைத்திருக்கும். காசு போட்டு ஓர் எழுத்தையும் எண்ணையும் அழுத்தினால் தட்டு அடுக்கு சுற்றிக்கொண்டே வந்து, கேட்ட தட்டு வந்ததும் நிற்கும். ஒரு கை அதை எடுத்து வைத்துப் பாட விடும். இன்னும் பழைய பெட்டிகளில் இந்த வேலையெல்லாம் ரிலேயும் (காயிலில் கரண்ட் கொடுத்தால் மாறும் ஸ்விட்ச்) சாதாரண ஸ்விட்சும் செய்யும். சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் பாதி சரியாகிவிடும். பிறகு வந்தவற்றில் மைக்ரோபிராசசர் இருக்கும். நம்முடையது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிறவி. இரண்டு போர்டு நிறைய சின்னச் சின்ன லாஜிக் ஐசிகள், நாற்பதுக்கு மேல். ஒன்று 5 வோல்ட்டில் ஓடுகிறது, இன்னொன்று 12 வோல்ட்டில். இந்த வித்தியாசம் எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பெட்டியில் விளக்கு எரிந்தது, மோட்டார் சுற்றியது, ஆனால் எந்த பட்டனை அழுத்தினாலும் எடுக்கவில்லை. போர்டுகளைக் கழற்றி பஸ்ஸில் மடியில் வைத்து மதுரைக்குக் கொண்டுவந்தேன். பட்டன்களை வரிசையாகக் கேட்டுப் பார்க்கிற இடத்தில் 16 கால் ஐசி ஒன்று. மேலே மோட்டரோலா முத்திரை, 14017 என்று எண். மோட்டரோலாக்காரன் 4000 வரிசை ஐசிகளுக்கு முன்னால் ஒரு 1 சேர்த்துக்கொள்வான். 14017 என்றால் நம் ஊரில் கிடைக்கும் சிடி 4017தான். பிலிப்ஸ் போட்டால் ஹெச்இஎஃப் 4017 என்று இருக்கும். இதுவரை எனக்கும் தெரியும். டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் 4017 கேட்டேன். பையன் தேடிவிட்டு, "அண்ணே, 74 ஹெச்சி 4017 இருக்கு. அதேதான், புதுசு, ஸ்பீடு ஜாஸ்தி" என்றான். கால் வரிசையும் அதேதான். வாங்கிப் பற்ற வைத்து, காரைக்குடி போய் மாட்டி, கரண்ட் கொடுத்தேன். தாளிப்பில் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம். ஐசியின் வயிறு பிளந்திருந்தது. ஆச்சி காபி எடுத்துக்கொண்டு வந்தவர்கள், வாடையை முகர்ந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் காபி எனக்கு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். சிடி 4000 வரிசை 1968 வாக்கில் ஆர்சிஏ கொண்டுவந்தது. 'பி' என்று முடியும் ஐசிகள் 3 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட் வரை தாராளமாக ஓடும். ஹெச்சி வரிசை 2 முதல் 6 வரைதான். 7 வோல்ட்டைத் தாண்டினால் அது தாங்கும் என்று செய்தவனே உத்தரவாதம் தரமாட்டான். நான் கொடுத்தது 12. டிஜிட்டல் என்றாலே 5 வோல்ட் என்று ஐடிஐயில் மனதில் பதிந்தது அப்படியே இருந்துவிட்டது. அதனால் இப்போதெல்லாம் பழைய ஐசியைக் கழற்றுவதற்கு முன்னால் போர்டில் கரண்ட் இருக்கும்போதே அதன் சப்ளை காலில் எத்தனை வோல்ட் என்று அளந்து ஒரு தாளில் எழுதிவிடுகிறேன். அந்தக் கால் எது என்பதிலும் ஏமாறக்கூடாது. 14 கால் என்றால் 14ஆவது கால் பிளஸ், 7ஆவது கிரவுண்ட் என்று மனப்பாடமாகச் சொல்வோம். 7490, 7493 ஆகியவற்றில் பிளஸ் 5ஆவது கால், கிரவுண்ட் 10ஆவது. 4049க்கும் 4050க்கும் 16 கால், ஆனால் பிளஸ் முதல் காலில். டேட்டாஷீட்டை, அதாவது ஐசி செய்தவன் தருகிற விவரத் தாளை, பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அளக்க வேண்டும்.

எனக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது. ஐசி வெடித்ததோடு போயிற்று, சப்ளை பிழைத்துக்கொண்டது. பல பேருக்கு இது தலைகீழாக நடக்கும். பழைய ரெகுலேட்டர் (வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் பாகம்) ஷார்ட்டாகி 5 வோல்ட் லைனில் 8, 9 வந்துவிட்டால் ஒரே நிமிஷத்தில் போர்டு முழுக்கக் காலி. நாற்பது வருஷக் கண்டன்சரை நம்பி ஒரு புது ஐசியையும் மாட்டாதீர்கள். நான் இரண்டாம் முறை போனபோது சப்ளையில் உள்ள பெரிய கண்டன்சர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, போர்டைக் கழற்றி வைத்து, லோடுக்கு ஒரு கார் பல்பைக் கட்டி அளந்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டேன்.

சரியான சிடி 4017 போட்டதும் பட்டன் வேலை செய்தது. தட்டு அடுக்கு சுற்றியது. ஆனால் தட்டை எடுக்கிற கை அசையவில்லை. அதை ஓட்டும் ரிலேக்கு உத்தரவு கொடுக்கிற ஐசி 5 வோல்ட் போர்டில், 14 கால். எழுத்து அழிந்துபோய் ஒரே ஓர் எண்தான் தெளிவாகத் தெரிந்தது: 7812. சென்னையில் இருக்கிற மச்சினனுக்குப் போன் செய்து, ரிச்சி தெருவில் 7812 ஆறு வாங்கி அனுப்பு என்றேன். அவனும் வாங்கி கூரியரில் அனுப்பினான். பிரித்துப் பார்த்தால் ஆறும் மூன்று கால் ரெகுலேட்டர். முப்பது வருஷமாக 7812 ரெகுலேட்டரைத் தினமும் பார்க்கிற எனக்கு, அந்த எண்ணைச் சொல்லும்போது பொறி தட்டவில்லை! அவன் மேல் என்ன தப்பு? ஐசியின் மேல் இருந்தது அது பிறந்த தேதி. 1978ஆம் வருஷம், 12ஆவது வாரம். பழைய ஐசிகளில் இப்படித்தான் வருஷமும் வாரமும் நான்கு இலக்கமாக இருக்கும். இதைவிடப் பெரிய குழி 1974இல் செய்த ஐசிகளில் இருக்கிறது: 7408 என்று இருந்தால் அது ஐசியின் எண்ணா, எட்டாவது வாரமா என்று சட்டென்று சொல்ல முடியாது. இரண்டு வரியையும் பார்க்க வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, ஈரத் துணியால் துடைத்துக் காய்கிற நேரத்தில் பாருங்கள், நிழல் மாதிரி தெரியும். எனக்கு அப்படித்தான் எஸ்என் 7406 என்று தெரிந்தது.

7406 பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், என் காசு அதிகம் போனது இங்கேதான். 7404க்கும் 7406க்கும் கால் வரிசை ஒன்று, செய்கிற வேலையும் ஒன்று: உள்ளே வருவதைத் தலைகீழாக்கி வெளியே அனுப்பும். ஆனால் 7404இன் அவுட்புட் 5 வோல்ட்டுக்குள் அடங்கியது. 7406இல் அவுட்புட் ஓப்பன் கலெக்டர். தானாக மேலே ஏற்றாது, கீழே இழுக்க மட்டும் செய்யும். வெளியே 30 வோல்ட் வரை கட்டலாம், 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் 12 வோல்ட் ரிலேயை நேராக அதில் கட்டியிருக்கிறான். இணையத்தில் 7406 இருபது உருப்படி 1,150 ரூபாய்க்கு வந்தது, வாங்கினேன். போட்டால் ரிலே கடகடவென்று அடித்துக்கொண்டது, ஐசி தோசைக்கல்லாகச் சுட்டது. இன்னொன்று போட்டேன், அதுவும் அப்படியே. பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கிற நண்பரிடம் கொண்டுபோய் லேபில் உள்ள ஐசி டெஸ்டரில் வைத்தால் எல்லாம் பாஸ்! போர்டில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் அதை நோண்டினேன். நோண்டியதில் இரண்டு இடத்தில் செம்புக் கோடு பெயர்ந்துகொண்டு வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் வீட்டில் பெண்ணின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து ஐசியின் முதுகைத் தேய்த்தேன். மையோடு சேர்ந்து கறுப்புப் பூச்சும் வந்தது. அடியில் ராவிய கோடுகள். பழைய 7404ஐ ராவி, பெயின்ட் அடித்து, 7406 என்று அச்சடித்து விற்றிருக்கிறார்கள். தலைகீழாக்குகிற வேலையை இரண்டும் செய்வதால் அந்த டெஸ்டரும் ஏமாந்திருக்கிறது. இதை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஐசிக்கு 5 வோல்ட் கொடுத்து, ஓர் இன்புட்டைக் கிரவுண்டில் வையுங்கள். அதன் அவுட்புட்டில் ஒன்றும் இணைக்காமல் மீட்டர் வைத்தால் 7404 என்றால் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். நிஜ 7406 ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. 1 கே ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டினால்தான் 5 காட்டும். அஞ்சு நிமிஷ வேலை. இது தெரியாமல் இரண்டு வாரம் போயிற்று.

பிறகு நானே ஒரு ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி சென்னை போனேன். ரிச்சி தெருவில் அலைந்து, பழைய சரக்கு வைத்திருக்கிற ஒருவரிடம் நிஜ 7406 எட்டு கிடைத்தது. அங்கேயும் சில கடைகளில் "7400 கேட்கிறீங்களா, 74 ஹெச்சி 00 எடுத்துக்கோங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். இந்தத் தடவை வாங்கவில்லை. 5 வோல்ட் போர்டிலேயே என்றாலும் அது சரிப்படாது. பழைய டிடிஎல் (5 வோல்ட்டில் ஓடும் சாதாரண 74 வரிசை) ஐசி 'ஹை' (ஆன்) என்று அனுப்பும்போது 2.4 வோல்ட் இருந்தாலே போதும், அதன் கடமை முடிந்தது. ஹெச்சி ஐசிக்கு 5 வோல்ட் சப்ளையில் 3.5 வந்தால்தான் 'ஹை'. நடுவில் உள்ள இடைவெளியில் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. நாம் சால்டரைக் குறை சொல்லிக்கொண்டு திரிவோம். ஹெச்சிடி என்று கடைசியில் ஒரு 'டி' இருந்தால் அது 2 வோல்ட்டையே 'ஹை' என்று எடுத்துக்கொள்ளும், டிடிஎல்லுக்குப் பக்கத்தில் உட்காரும். என் முதல் விருப்பம் 74 எல்எஸ்தான், அதுவும் டிடிஎல்தான், கரண்ட் குறைவாக எடுக்கும் வகை. அதிலும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்: சாதாரண 74 வரிசை ஐசி 16 மில்லி ஆம்பியர் இழுக்கும், எல்எஸ் 8தான். பழைய டிடிஎல் இன்புட் ஒவ்வொன்றுக்கும் 1.6 வேண்டும். ஆக, பழையது பத்து இன்புட்டை ஓட்டிய இடத்தில் எல்எஸ் ஐந்தைத்தான் ஓட்டும். அவுட்புட்டிலிருந்து எத்தனை கோடு கிளம்புகிறது என்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்.

நிஜ 7406 போட்டதும் கை அசைந்தது, தட்டை எடுத்தது, முதல் முறையாகப் பெட்டி பாடியது. ஆச்சி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வேலைக்கார அம்மா, டிரைவர் எல்லாம் வந்து நின்று கேட்டார்கள். நான் மேலூர் தாண்டும் வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் காலையில் போன்: "தம்பி, திரும்பவும் எடுக்க மாட்டேங்குது."

அன்றைக்குத்தான் அழுகையே வந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள், கடையில் வேறு வேலை குவிந்து கிடக்கிறது, வீட்டுக்காரி "அந்தப் பெட்டியோடயே போய் இருந்துக்கங்க" என்கிறாள். போய்ப் பார்த்தால் அதே 7406, அதே கால் செத்திருந்தது. அப்போதுதான் புத்தி வந்தது. ஐசி செத்துவிட்டது என்று கண்டுபிடித்தேனே தவிர, எது கொன்றது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ரிலே காயிலில் கரண்ட்டை வெட்டும் நொடியில் எதிர்த்திசையில் பெரிய வோல்டேஜ் ஒன்று கிளம்பும். அதைத் தின்பதற்குக் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு இருக்கும். அந்த டயோடின் ஒரு கால் முறிந்து, ஒட்டிக்கொண்டிருப்பது போலவே தெரிந்தது. விரலால் அசைத்தபோதுதான் ஆடியது. பினாங்கிலிருந்து கப்பலில் வந்தபோது முறிந்ததோ என்னவோ. ஒரு 1என் 4007, இரண்டு ரூபாய் சாமான். எல்லாக் காயிலிலும் புது டயோடு போட்டேன். ஐசியைப் பேஸில் (பற்ற வைக்காமல் செருகி எடுக்கிற சாக்கெட்) மாட்டினேன். இனி எந்தப் பழைய போர்டிலும் ஐசியை நேராகப் பற்ற வைக்கமாட்டேன், உருண்டைத் துளை ஐசி பேஸ் போட்டுத்தான். பழையதைக் கழற்றும்போதும் முழுசாகக் காப்பாற்றப் பார்க்காமல் கட்டரால் கால்களை வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாக உருகவைத்து எடுத்தால் செம்புக் கோடு பெயராது.

இத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஆச்சி பி5 அழுத்தினால் பி6 பாடுகிறது. சில நேரம் பி7. சில நேரம் சரியாக பி5. காதல் பாட்டு கேட்டால் ஒப்பாரி வருகிறது. ஆச்சி சிரித்துக்கொண்டே, "கல்யாண வீட்ல இது ஆகாது தம்பி" என்றார்கள். இது முழுக்க என் கைவரிசை. முதல் வாரத்தில் 12 வோல்ட் போர்டில் இன்னோர் ஐசியும் போயிருந்தது, 40106. கடையில் இல்லை. 4069 இருந்தது. இரண்டிலும் 7404 மாதிரி தலைகீழாக்குகிற பகுதி (இன்வெர்ட்டர்) ஆறு, அதே கால்கள், 12 வோல்ட்டையும் தாங்கும். வோல்டேஜ் பாடத்தைத்தான் படித்துவிட்டோமே என்று தைரியமாகப் போட்டிருந்தேன்.

தட்டு அடுக்கின் அடியில் துளையிட்ட ஒரு சக்கரம் சுற்றுகிறது. ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் சென்சார். ஒவ்வொரு துளைக்கும் ஒரு துடிப்பு. அதை எண்ணித்தான் எத்தனையாவது தட்டு என்று பெட்டிக்குத் தெரியும். அந்தத் துடிப்பு சட்டென்று ஏறி இறங்காது, மெதுவாக ஏறும், மோட்டார் இரைச்சலும் கூடவே வரும். 40106 ஷ்மிட் டிரிகர் வகை. ஏறும்போது ஒரு மட்டம், இறங்கும்போது அதைவிடக் கீழே இன்னொரு மட்டம் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள நடுக்கத்தைக் கண்டுகொள்ளாது. 4069க்கு ஒரே மட்டம்தான். அந்த மட்டத்தில் துடிப்பு நடுங்கினால் ஒன்றை இரண்டாக எண்ணிவிடும். டிடிஎல்லில் 7404க்கும் 7414க்கும் இதே வித்தியாசம். ஷ்மிட் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது, 4584 என்று ஒன்று இருக்கிறது, அதே கால் வரிசை, அதுவும் ஷ்மிட்தான், ஆனால் இரண்டு மட்டத்துக்கும் உள்ள இடைவெளி 40106ஐவிடக் குறைவு. அவசரத்துக்கு ஓடலாம், தூசி படிந்த சென்சாருக்கு நான் போடமாட்டேன். சென்னைக்குப் போனபோதே 40106 வாங்கியிருந்தால் இன்னொரு கூரியர் செலவு மிச்சம். மச்சினன் இந்தத் தடவை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "மச்சான், இதுக்கு எத்தனை கால்னு எண்ணிப் பாத்துக்கங்க" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினான்.

40106 போட்டு, விளக்கையும் சென்சாரையும் துடைத்துவிட்டு, அறுபது பாட்டை வரிசையாக அழுத்திப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. எந்த இடத்தில் எந்த ஐசி, எத்தனை வோல்ட், எதற்குப் பதில் எது போட்டிருக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதி கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். ஆச்சி பேசியதற்கு மேல் 2,000 சேர்த்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, கை வாங்கிக்கொண்டது.

எண் காட்டுகிற டிஸ்பிளேயில் மட்டும் ஒரு துண்டு எரியவில்லை, 8 அழுத்தினால் 6 என்று தெரிகிறது. பாட்டு சரியாக எட்டாவதுதான் வருகிறது. டிஸ்பிளேயை எரிய வைக்கிற 7447 ஐசியா, டிஸ்பிளேயா என்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். "கல்யாணம் முடியட்டும் தம்பி, அதுவரைக்கும் தொடவே தொடாதீக" என்றார்கள் ஆச்சி.